லேபிளும் துணியும்



உங்கள் ஊர்ப் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். சிலர் கொமரலிங்கம் என்று எழுதுகிறார்கள், சிலர் குமரலிங்கம் என்று எழுதுகிறார்கள். ராஜவாய்க்காலில் வரும் அமராவதித் தண்ணீர் இதில் எந்த எழுத்தைப் பார்த்து வயலுக்குப் பாய்கிறது? தண்ணீருக்கு மடை தெரியும், பெயர்ப்பலகை தெரியாது. இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பும் பெயர்ப்பலகையைப் பற்றியதுதான். திருச்சபைக்கு வெளியே இருப்பவர்களிடம் போய்ச் சேர, கிறிஸ்தவ ஊழியங்கள் தங்கள் பெயரையும் தோற்றத்தையும் மாற்றிக்கொள்ளலாமா? நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவன். படித்ததும் பழகியதும் பெரும்பாலும் வெளியே இருப்பவர்களோடு. வாசற்படியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

திருப்பூரில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் ஒருவராவது இல்லாத வீடு நம் பக்கத்தில் குறைவு. அங்கே பனியன் தைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே துணி, ஒரே கட்டிங் டேபிள், ஒரே ஓவர்லாக் மெஷின். கடைசியில் கழுத்துப்பட்டியின் நடுவே விரல் அகலத்துக்கு ஒரு லேபிள் ஏறும். அந்த லேபிள்தான் கடல் தாண்டிப் போய் விலை சொல்கிறது. மிஞ்சிய உருப்படி லேபிளை இழந்து காதர்பேட்டைக்கு வரும். அங்கே வாங்க வரும் அம்மா கழுத்தோரத்தைப் பார்ப்பதே இல்லை. துணியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்ப்பார். இரண்டு கையாலும் இழுத்துப் பார்ப்பார். பிறகு இரண்டே கேள்வி: "சாயம் போகுமா? சுருங்குமா?"

அந்த அம்மாவின் இரண்டு கேள்வியையும் கையில் வைத்துக்கொண்டு நானூறு வருடத்தைப் பார்ப்போம், வாருங்கள்.

1606-ஆம் ஆண்டு. இத்தாலியில் பிறந்த இளம் பாதிரியார் ஒருவர் மதுரைக்கு வருகிறார். பெயர் ராபர்ட் தெ நோபிலி. அவருக்கு முன்பே அங்கே ஒரு போர்த்துக்கீசியப் பாதிரியார் பல ஆண்டுகளாக ஊழியம் செய்துகொண்டிருந்தார். பள்ளிக்கூடம் வைத்தார், வைத்தியம் பார்த்தார். ஆனாலும் மதுரை நகர மக்கள் அவர் பக்கம் சேரவில்லை. ஏன்? அன்றைக்கு மதம் மாறுவதற்குப் பெயரே 'பறங்கிக் குலத்தில் சேர்வது'. பறங்கி என்றால் மாட்டிறைச்சி தின்பவன், சாராயம் குடிப்பவன், குளிக்காதவன் என்று ஊர் நினைத்தது. தன் குலத்தையும் சொந்தத்தையும் விட்டுப் போ என்று கூப்பிட்டால் எவன் வருவான்?

நோபிலி இதைப் புரிந்துகொண்டார். கறுப்பு அங்கியைக் கழற்றினார். தோல் செருப்பை விட்டு மரப் பாதக்குறட்டில் ஏறினார். காவி உடுத்தினார். ஒருவேளைச் சோறு, அதுவும் மரக்கறி. தமிழும் தெலுங்கும் வடமொழியும் முறையாகப் படித்தார். நான் பறங்கி இல்லை, துறவி என்றார். தத்துவ போதகர் என்ற பெயர் நிலைத்தது. அதுவரை எட்டிப் பார்க்காதவர்கள் அவர் குடிலைத் தேடி வந்தார்கள்.

வெளியே கதவு திறந்தது, உள்ளே வீட்டுக்குள் சண்டை மூண்டது! காவி என்ன, குடுமி என்ன, பூணூல் என்ன என்று சபைக்காரர்களே புகார் எழுதினார்கள். 1619-ல் கோவாவில் விசாரணை. 1623-ல் பதினைந்தாம் கிரகோரி என்ற போப்பாண்டவர் நோபிலிக்கு ஆதரவாகத் தீர்ப்புச் சொன்னார். 1656-ல் மயிலாப்பூரில் கண்மூடும் வரை அவர் அந்தக் கோலத்தை விடவில்லை. ஆக, முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. சாயம் போகவில்லை.

இரண்டாவது கேள்வி? அங்கேதான் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. மேல்சாதியார் ஏற்றுக்கொள்வதற்காக எடுத்த கோலம் அது. அந்தக் கோலத்தோடு தாழ்த்தப்பட்ட மக்களின் தெருவுக்குள் அவரால் வெளிப்படையாகப் போக முடியவில்லை. அவர்களுக்கென்று 1640 முதல் பண்டாரசாமிகள் என்று வேறு துறவிகளை ஏற்படுத்தினார்கள். நற்செய்தி ஒன்று, அதைச் சொல்ல வருபவர் சாதிக்கு ஒருவர். துணி சுருங்கிவிட்டதா இல்லையா?

சுருங்கிய துணியை எத்தனை தலைமுறை போட்டுக்கொண்டோம் என்பதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் தேவாலயம். இரண்டு கால் போலப் பிரித்துக் கட்டிய கோயில், நடுவே ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு சாதி, அந்தப் பக்கம் இன்னொரு சாதி, இருவரும் பார்ப்பது ஒரே பீடம். அந்தச் சுவர் இடிந்தது 1910-ல். நோபிலி மதுரைக்கு வந்து முந்நூறு வருடத்துக்குப் பிறகு!

அடுத்தவர் பெஸ்கி. இத்தாலிக்காரர், 1711-ல் தமிழ்நாட்டுக்கு வந்தவர். முதலில் தனக்குத் தைரியநாதர் என்று பெயர் வைத்துக்கொண்டார். இன்று அந்தப் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? நமக்குத் தெரிந்தது வீரமாமுனிவர். முதலில் வைத்த பெயர் ஏட்டோடு நின்றது. பின்னால் வந்த பெயர் தெருப்பலகை வரை வந்துவிட்டது. அந்தப் பெயர் சும்மா நிலைக்கவில்லை. மூவாயிரத்து அறுநூற்றுக்கு மேற்பட்ட பாடல்களில் தேம்பாவணி தந்தார். சதுரகராதி தந்தார். பரமார்த்த குருவையும் அவருடைய சீடர்களையும் தந்து நம்மைச் சிரிக்க வைத்தார்.

இன்னொன்றும் செய்தார். பழைய ஓலையில் குறில் எகரத்துக்கும் ஒகரத்துக்கும் புள்ளி வைக்க வேண்டும். ஓலை கிழியும் என்று பலர் புள்ளியை விட்டுவிடுவார்கள். குறிலா நெடிலா என்று படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். நெடிலுக்குக் கொம்பின் மேல் ஒரு சுழியைப் போட்டு அந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் வீரமாமுனிவர். கொமரலிங்கம் என்று எழுதினால் யாரும் 'கோமரலிங்கம்' என்று படிக்காமல் இருக்கிறார்களே, அதில் அந்தப் பாதிரியாரின் கைவேலை இருக்கிறது. உங்கள் ஊர்ப்பலகையில் அவர் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் இருக்கிறார்!

சொல்லையும் மாற்றித்தான் பார்த்தோம். தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த சீகன்பால்கு, கடவுளைச் சர்வேசுரன் என்று எழுதினார். பின்னால் வந்த பப்ரிசியுஸ் பராபரன் என்றார். அதற்கும் பின்னால் தேவன் என்றார்கள். 1995-ல் வந்த திருவிவிலியம் கடவுள் என்கிறது. சுவிசேஷம் நற்செய்தி ஆனது, ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆனது, இரட்சிப்பு மீட்பு ஆனது. வெளியே இருப்பவருக்கு இது பெரிய உதவி. ஆனால் எங்கள் பாட்டி கடைசி வரை பழைய வேதாகமத்தைத்தான் மடியில் வைத்திருந்தார். புதியதை நான் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் இருக்குது கண்ணு. ஆனா எனக்கு அழுகை வரலையே." வெளியே இருப்பவருக்காக வாசலை அகலப்படுத்தும்போது, உள்ளே இருக்கும் பாட்டியின் பாயை மிதித்துவிடக் கூடாது என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

இனி திருப்பூர்க்காரர்களுக்குப் பிடித்த கதை ஒன்று. ஸ்காட்லாந்தில் அல்லோவா என்று ஓர் ஊர். அங்கே கம்பளி நூல் ஆலை நடத்திய பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை, டாக்டர் ஃபாரஸ்டர் பேட்டன். நூல்காரர் வீட்டுப் பிள்ளை! அவரும் நம் தமிழ் மருத்துவர் சவரிராயன் யேசுதாசனும் சேர்ந்து 1921-ல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். கதர் கட்டினார்கள், எளிய சாப்பாடு சாப்பிட்டார்கள், நோயாளிகளைப் பார்த்தார்கள். நம் கோயில் கட்டடக் கலையில் கோபுரத்தோடு ஜெபாலயம் எழுப்பினார்கள். யேசுதாசனுக்குப் பெரியண்ணன் என்று பெயர். வெள்ளைக்காரர் சின்னண்ணன்.

1932-ல் நம் திருப்பூரில் கொடி காத்த குமரன் தடியடியில் உயிர்விட்டார். அதே 1932-ல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில், கதர் கட்டிய இந்தச் சின்னண்ணனையும் போலீஸ் அடித்தது. ஆளும் இனத்தில் பிறந்தவர், நூல் ஆலைச் செல்வத்தில் வளர்ந்தவர், கைராட்டைத் துணிக்காக அடி வாங்கினார். இது லேபிள் மாற்றமா? இல்லை ஐயா, நெசவே மாறிப்போன துணி இது!

இன்றைக்கும் உலகம் முழுக்கப் பெயர் மாறுகிறது. அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ. 2010-ல் தன்னை வெறும் 'ஒய்' என்று சுருக்கிக்கொண்டது. கேம்பஸ் குருசேட் என்ற அமைப்பு, சிலுவைப் போரை நினைவூட்டும் சொல் வேண்டாம் என்று 2011-ல் 'க்ரூ' என்று பெயர் மாற்றத்தை அறிவித்தது. புண்படுத்தும் சொல்லைக் கைவிடுவது நல்லதுதான். ஆனால் வேலூரைப் பாருங்கள். 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய சின்ன மருந்தகம் இன்று சி.எம்.சி. முதல் எழுத்தே கிறிஸ்டியன். விபூதி பூசியவரும் தொப்பி போட்டவரும் வரிசையில் நிற்கிறார்கள். பெயரில் கிறிஸ்து இருக்கிறார் என்று எந்த நோயாளி வரிசையை விட்டுத் திரும்பிப் போனார்?

ஊழியக்காரச் சகோதரர்களே, உங்களிடம் மனம் விட்டு ஒன்று சொல்கிறேன். பெயரை மாற்றுவது வேறு, மறைப்பது வேறு. இலவச டியூஷன் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டு, கடைசிப் பத்து நிமிடம் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் நடத்திய ஒரு வகுப்பை நான் பார்த்தேன். அதில் படித்த பக்கத்து வீட்டுப் பையன் எங்கள் வீட்டுக்கு வந்து, "அங்கிள், ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று கேட்டான். எனக்குப் பதில் இல்லை. கழுத்தில் ஒரு லேபிள், உள்ளே வேறு சரக்கு என்றால் நம் ஊரில் அதற்கு டூப்ளிகேட் என்று பெயர். நல்ல சரக்கை எதற்கு டூப்ளிகேட் ஆக்குகிறீர்கள்? டியூஷன் என்றால் டியூஷன் நடத்துங்கள். ஜெபம் என்றால் ஜெபம் என்றே எழுதி ஒட்டுங்கள், வர விரும்புகிறவர் வரட்டும்.

சங்கத்துப் பெயரை மாற்ற வேண்டுமா, மாற்றுங்கள். பாட்டைக் கிராமியத் தாளத்தில் பாடுங்கள், பறையடித்தும் பாடுங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். சாதிக்கு ஒரு மூலை என்று கல்லறைத் தோட்டத்தைப் பிரித்து வைத்திருக்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. வெளியே இருப்பவர்கள் உங்கள் போர்டைப் படிப்பதில்லை, அந்தப் பிரிவினையைத்தான் படிக்கிறார்கள். முதலில் அதை எடுங்கள். போர்டுக்குப் பெயின்ட் அடிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.