குவியலை அடுக்கும் நாளும் அள்ளும் நாளும்



கோலார் தங்கவயல் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு வெறும் ஊர்ப்பெயர் அன்று. வடார்க்காட்டிலிருந்து சென்று அங்கே பாறை உடைத்தோர் நம் முன்னோர். 2001-இல் அச்சுரங்கம் மூடப்பட்டது. உடைக்கும் வேலை நமக்குத் தரப்பட்டது. எதனை எந்நாளில் எங்கே அனுப்புவது என்னும் கணக்கு தரப்படவில்லை. அத்தகைய கணக்கு ஒன்றையே இன்று எடுத்துக்கொள்கிறேன். அது நிகழ்ந்த இடம் அமெரிக்காவின் நெவாடா மாநிலம்.

சில தாதுக்களில் தங்கம் பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கல்லுக்குள் அடைபட்டிருக்கும். சயனைடு நீர் அதனைத் தொட இயலாது. இரும்பாலும் கந்தகத்தாலும் உயிர்வாழும் நுண்ணுயிர்கள் அக்கல்லை அரித்துத் திறக்கின்றன. 1947-இல் கோல்மர், ஹிங்கிள் இருவரும் சுரங்கத்து அமிலநீரில் இத்தகைய உயிரைக் கண்டறிந்தனர். பிற்காலத்தில் நியூமாண்ட் நிறுவனம் நெவாடாவின் கார்லின் பகுதியில் இதனைப் பெருங்குவியல்களில் நடத்தியது. நொறுக்கிய தாதுவை நுண்ணுயிர் கலந்த அமிலநீரில் நனைத்துத் தளத்தில் அடுக்குவர். அடியிலிருந்து காற்றுச் செலுத்துவர். மாதங்கள் கழித்து அள்ளி ஆலைக்கு அனுப்பி, அத்தளத்தையே மீண்டும் நிரப்புவர்.

கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. ஒரு தளத்தை நிரப்ப 30 நாள், காத்திருக்க 150 நாள், அள்ள 30 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 210 நாள். அடுக்கும் எந்திரம் ஓயாதிருக்க 7 தளங்கள் வேண்டும். ஆறே இருந்தால் 120-ஆம் நாளிலேயே அள்ள நேரும். தங்கத்தின் ஒரு பகுதி கல்லுக்குள்ளேயே நின்றுவிடும். ஆலைக்குத் தாது போதவில்லை என்று மேலாளர் அவசரப்படலாம், நுண்ணுயிர் அவசரப்படாது!

எந்த முனையில் முதலில் அடுக்கினோமோ அம்முனையிலிருந்தே அள்ளவேண்டும். அப்போது தாது முழுவதும் 180 நாள் தளத்தில் கிடக்கும். மறுமுனையில் தொடங்கினால் ஓரிடம் 210 நாளும் மற்றோரிடம் 150 நாளுமே பெறும். குவியலின்மேல் லாரி ஓட்டலாகாது. அழுந்திய இடத்தில் காற்றுப் புகாது. நாட்காட்டி மட்டும் போதாது. குவியலின் வெப்பத்தையும், எவ்வளவு கந்தகக் கல் கரைந்தது என்பதையும் அளந்தே அள்ளும் நாளைக் குறிக்கவேண்டும்.

இன்னொன்று, உயிரைப் பற்றியது. அள்ளப்படும் தாது அமிலம் நிறைந்தது. அமிலத்தோடு சயனைடு சேர்ந்தால் நச்சுவாயு எழும். ஆகவே நீரால் கழுவும் நாளையும் சுண்ணாம்பு சேர்க்கும் வேலையையும் கால அட்டவணையில் முதலிலேயே எழுதிவிட வேண்டும். சுண்ணாம்பு வந்து சேராத நாளில் ஆலைக்குத் தாது செல்லலாகாது. அள்ளும் எந்திரமும் நிற்கவேண்டும்.