குளோரின்: குழாயிலும் போர்முனையிலும்

மதுரையில இருந்து பேசுறேன். சில நாள் காலையில குழாயைத் திறந்தா தண்ணியில ஒரு நெடி அடிக்கும். "இன்னைக்கு மருந்து கூடப் போட்டுட்டாங்க"ன்னு எங்க அம்மா சொல்வாங்க. அந்த மருந்துதான் குளோரின். காலரா பயம் இல்லாம நாம தண்ணி குடிக்கிறோம்னா அதுக்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ரசாயன ஆயுதம்னு சொன்னதும் நமக்கு சினிமா வில்லனும் ரகசிய லேபும்தான் ஞாபகம் வரும். ஆனா 1915 ஏப்ரல் 22 அன்னைக்கு, பெல்ஜியம் போர்முனையில ஜெர்மன் படை திறந்துவிட்டது இதே குளோரினைத்தான்.

நமக்குப் பக்கத்துலயும் நடந்திருக்கு. 1990 ஜூன் மாசம், மட்டக்களப்பு மாவட்டம் கிரான். அங்க இருந்த ராணுவ முகாம் மேல விடுதலைப் புலிகள் குளோரின் வாயுவைப் பயன்படுத்தினாங்க. அது லேப்ல தயாரிச்சது இல்ல, காகித ஆலையில இருந்து வந்தது. 60-க்கும் மேற்பட்ட சிப்பாய்கள் பாதிக்கப்பட்டாங்க. காத்து திசை மாறினதுல, வாயு கொஞ்சம் புலிகள் பக்கமே திரும்பி வந்துச்சு.

இந்தியா தன்னோட ரசாயன ஆயுதங்களை 2009-க்குள்ள அழிச்சிடுச்சு. நல்ல விஷயம். ஆனா குளோரினை அப்படி அழிக்க முடியாது, அது நமக்குத் தேவை. அப்போ அதைப் பத்திரமா வெச்சிருக்காங்களான்னு கேட்கிறதும், கசிஞ்சா என்ன செய்யணும்னு தெரிஞ்சு வெச்சுக்கிறதும் நம்ம வேலை.

இதுக்குப் பயிற்சி எடுத்த தேசியப் பேரிடர் மீட்புப் படையோட பட்டாலியன் அரக்கோணத்துல இருக்கு. அங்கிருந்து மதுரைக்கு வர பல மணி நேரம் ஆகும். முதல் பத்து நிமிஷம் நாமதான் நம்மளப் பார்த்துக்கணும்.

குளோரின் காத்தை விட சுமார் இரண்டரை மடங்கு கனம். தரையோடதான் படரும். அதனால பள்ளத்துல, பேஸ்மென்ட்ல ஒளியாதீங்க. காத்து எங்க இருந்து வருதுன்னு பாருங்க. வாயு போற பாதையை விட்டுப் பக்கவாட்டுல விலகி, மேட்டுப் பக்கம் போங்க. வெளிய போக முடியலன்னா கதவு, ஜன்னலைச் சாத்திட்டு மாடிக்கு ஏறுங்க. மேல பட்டிருந்தா துணியைக் கழட்டிட்டு நிறைய தண்ணியில கழுவுங்க. 1995-ல டோக்கியோ ரயில்ல சரின் வாயுத் தாக்குதல் நடந்தப்போ, நோயாளிகளோட துணியில இருந்த விஷம் ஆஸ்பத்திரி ஊழியர்களையும் பாதிச்சுது. அப்புறம் 112-க்கு போன் பண்ணுங்க.

சித்திரைத் திருவிழாக் கூட்டத்துல நின்னவங்களுக்குத் தெரியும், ஒரு வதந்தி போதும் நெரிசல் வர. அந்த நேரத்துல, எந்தப் பக்கம் போகணும்னு தெரிஞ்ச நாலு பேர் இருந்தாலே பெரிய விஷயம்.

கடைசியா ஒண்ணு. பாத்ரூம் கழுவுறப்போ ப்ளீச்சிங் பவுடரையும் ஆசிடையும் ஒண்ணா ஊத்தாதீங்க. வர்றது இதே வாயுதான். இன்னைக்கே வீட்ல சொல்லிடுங்க.