தாத்தா கோட்டில் இருந்த பேட்ஜ்: விலை போகுமா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நம் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

செயலாளர் பத்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. பழைய டிரங்குப் பெட்டியில் கிடைத்த, சுண்டுவிரல் நகம் அளவு பேட்ஜ். மூலைமட்டமும் கவராயமும் ஒன்றன்மேல் ஒன்று வைத்த சின்னம். "ரகசியச் சங்கத்துப் பொருள், லட்சக்கணக்கில் போகும்" என்றார் ஒருவர். "மாந்திரீகம், வீட்டில் வைக்காதீங்க" என்றார் இன்னொருவர். இரண்டுமே சரியில்லை.

அது ஃப்ரீமேசன் சங்க உறுப்பினர்கள் கோட்டில் குத்திக்கொள்ளும் பின். மூலைமட்டமும் கவராயமும் கல் கொத்தனார்களின் கருவிகள். ஓசூர் டூல் ரூமில் வேலை பார்த்த நம்மில் பலரும் தினம் கையில் பிடித்தவைதான். இந்தச் சங்கம் ஒளிந்து நடப்பதும் இல்லை. சென்னை எழும்பூரில் 1925இல் திறந்த ஃப்ரீமேசன்ஸ் ஹால் இன்றும் இருக்கிறது.

முதலில் அடையாளம். பல்சக்கரம் போல 24 பற்களும் 6 ஆரங்களும் இருந்தால் அது ரோட்டரி. நடுவில் 'எல்' எழுத்தும் இருபக்கம் சிங்க முகமும் இருந்தால் லயன்ஸ். மூலைமட்டமும் கவராயமும் இருந்தால்தான் மேசன். அதன் நடுவில் 'ஜி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் பெரும்பாலும் அமெரிக்கப் பாணி. இங்கிலாந்துப் பின்களில் அது பொதுவாக இருக்காது. 'கிராண்ட் லாட்ஜ் ஆஃப் இந்தியா' என்று எழுதியிருந்தால் 1961க்குப் பிந்தையது, ஏனென்றால் அந்த அமைப்பே அந்த வருடம் நவம்பரில்தான் தொடங்கியது.

அடுத்து பின்பக்கம். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். நடக்கும் சிங்கம் இருந்தால் இங்கிலாந்து ஸ்டெர்லிங் வெள்ளி, அதாவது ஆயிரத்தில் 925 பங்கு. கூடவே நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன். 375 என்றால் 9 காரட் தங்கம், 750 என்றால் 18 காரட். முத்திரை இல்லாவிட்டால் உடனே போலி என்று முடிவு கட்ட வேண்டாம். சின்னப் பொருள்களில் பல நேரம் முத்திரை இருக்காது.

இப்போது என் வீட்டுக் கதை. வீட்டில் அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன். என் மாமனார் காலமான பிறகு அவர் மேஜையில் இப்படி ஒரு பின் கிடைத்தது. பின்பக்கம் '12 கே' என்று இருந்தது. இணையத்தில் யாரோ அதே மாதிரிப் பின்னுக்குப் பெரிய தொகை கேட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, என் மச்சான்கள் இருவரும் யாருக்கு என்று ஆரம்பித்தார்கள். ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. திதிக்குக்கூடத் தனித்தனியாக வந்தார்கள்.

நான் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். '12 கே'க்கு முன்னால் தேய்ந்துபோய் '1/20' என்று இருந்தது, பின்னால் 'ஜி.எஃப்.' அப்படியென்றால் மொத்த எடையில் இருபதில் ஒரு பங்குதான் 12 காரட் தங்கம். மேலே தகடாக ஒட்டியது, உள்ளே வேறு உலோகம். பின்னின் எடை 2.4 கிராம். இருபதில் ஒரு பங்கு 0.12 கிராம். 12 காரட்டில் பாதிதான் சுத்தத் தங்கம், ஆக 0.06 கிராம். அறுபது மில்லிகிராமுக்காக அண்ணன் தம்பி பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

கணக்கை எழுதிக் காட்டினேன். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. மாமியார்தான் "அவர் மீட்டிங் போற அன்னிக்கு நான்தான் கோட்டுல குத்தி விடுவேன், எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். யாரும் அவரிடம் அதுவரை கேட்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

விலை பற்றி நான்கு விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, உலோக மதிப்பைத் தனியாகப் போடுங்கள். அதுதான் அடிவிலை. அதற்கு மேல் கிடைப்பது சேகரிப்பவரின் ஆசையைப் பொறுத்தது.

இரண்டு, இணையத்தில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். வாங்குவதாகச் சொல்லி முன்பணமோ கூரியர் கட்டணமோ கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

மூன்று, புளி, விபூதி, பற்பசை எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். முத்திரையும் எனாமலும் போய்விடும். உரைகல்லில் உரசவும் விடாதீர்கள்.

நான்கு, லாட்ஜின் பெயரோ எண்ணோ பொறித்திருந்தால், சான்றிதழ், கடிதம், போட்டோ ஏதாவது இருந்தால் சேர்த்தே வையுங்கள். சேகரிப்பவர் மதிப்பது அந்த விவரத்தைத்தான்.

விற்பதற்கு முன், அதை அணிந்தவரின் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். என்னிடம் லென்ஸும் சின்னத் தராசும் இருக்கின்றன. ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் யார் வேண்டுமானாலும் கொண்டு வரலாம், காசு எதுவும் வேண்டாம்.