பழைய விமானம் வாங்கப் போறீங்களா?

செகண்ட் ஹேண்ட் புல்லட் குறைவா ஓடியிருந்தா நமக்குச் சந்தோஷம். விமானத்துல அந்தக் கணக்கு அப்படியே செல்லாது.

செஸ்னா 172-ஐ எடுத்துக்குவோம். 1986-ல் நின்ன உற்பத்தி 1996-ல்தான் மறுபடி தொடங்குச்சு. அதுக்கு முந்தைய விமானங்கள் பலவற்றில் இருப்பது லைகாமிங் ஓ-320 எஞ்சின். 2000 மணி நேரம் பறந்தாலோ, 12 வருஷம் ஆனாலோ ஓவர்ஹால் பண்ணச் சொல்றாங்க. பறக்காத வருஷத்தை ஏன் எண்ணணும்? சும்மா கிடந்தா, மேலே இருக்கிற கேம்ஷாஃப்ட்டிலிருந்து ஆயில் வடிஞ்சு துரு ஏறும்.

நம்ம திருநெல்வேலிக்குப் பக்கத்து ஏர்போர்ட் வாகைக்குளம். அந்தப் பக்கம் தூத்துக்குடி உப்பளம். உப்புக் காத்து அலுமினியத்தையும் அரிக்கும். பெயின்ட்டுக்கு அடியில, ரிவெட் ஓரத்துல. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னா, இறக்கை உள்ளதைக் கட்டிப் போடாம விடலாமா?

அதனால நான் சொல்றது இதுதான். விலைக்கு முன்னாடி லாக்புக்கைக் கேளுங்க. கடைசியா எப்போ பறந்துச்சுன்னு பாருங்க. விக்கிறவர் காட்டுற ஆள் வேண்டாம். நீங்க கூப்பிட்ட லைசென்ஸ் உள்ள இன்ஜினியர் எஞ்சினைத் திறந்து பார்க்கட்டும். ஓவர்ஹாலுக்கும் ஹேங்கர் வாடகைக்கும் தனியா பணம் இல்லைன்னா வாங்காதீங்க.

பைக் நின்னா ஓரமா தள்ளிட்டுப் போகலாம். பக்கத்து சீட்ல ஒருத்தரை நம்பி உட்கார வச்சிருக்கும்போது, வானத்துல ஓரம் கிடையாது.