பொருளாசையும் மெய்யான நீதியும்



இயேசுநாதர் பெருந்திரளான மக்களுக்குப் போதித்துக்கொண்டிருந்த ஒரு வேளையிலே, கூட்டத்தினின்றும் ஒருவன் குரல் கொடுத்தான். உடன்பிறந்தவன் முதுசத்தைப் பாகம் பிரித்துத் தரவில்லை என்பது அவன் முறைப்பாடு. போதகர் ஒரு வார்த்தை சொன்னால் காரியம் ஆகிவிடும் என்று அவன் எண்ணினான். லூக்கா எழுதிய நற்செய்தியின் 12 ஆம் அதிகாரத்திலே இந்நிகழ்ச்சி வருகின்றது. மறைநூல் வல்லோரிடம் இத்தகைய வழக்குகளைக் கொண்டுசெல்லுதல் அக்கால யூதரிடையே இருந்த பழக்கமாகையால், அவன் கேட்டதிலே முறைகேடு யாதுமில்லை. அவன் கேட்ட பங்கு அவனுக்கு உரியதாகவே இருந்திருக்கலாம். ஆயினும் இயேசுநாதர் அவ்வழக்கை ஏற்க மறுத்தார். பாகம் பிரிக்கும் வேலையில் தம்மை அமர்த்தியவர் யார் என்று வினவினார். அடுத்த கணமே கூட்டத்தாரை நோக்கிப் பொருளாசையைக் குறித்து எச்சரிக்கலானார்.

இஃது எனக்கு இளமையிலே விளங்கவில்லை. உரிமையைக் கேட்டவனுக்குப் பொருளாசை பற்றிய எச்சரிக்கை எதற்கு? அநியாயஞ் செய்தவன் அவனுடைய உடன்பிறந்தவன் அல்லவா? இந்த ஐயத்தையே இன்று உங்களோடு ஆராய விரும்புகின்றேன்.

பொருளாசை என்று நாம் வழங்கும் சொல்லுக்குக் கிரேக்க மூலத்திலே உள்ள சொல் ‘பிளெயொனெக்சியா’ என்பது. ‘மேலும் வேண்டும்’ என்னும் வேட்கையே அதன் பொருள். களவு வேறு, இது வேறு. களவுக்குக் கை வேண்டும். இதற்கு மனம் ஒன்றே போதும். பிறர் பொருளை வெஃகாமையைப் பற்றித் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருப்பதால் இக்கருத்துத் தமிழருக்குப் புதியதன்று. மோசேயின் பத்துக் கட்டளைகளிலே கொலை, களவு, பொய்ச்சாட்சி ஆகியவற்றை விலக்கிய பின்னர், கடைசிக் கட்டளை அயலானுடைய வீட்டையும் மனைவியையும் எருதையும் கழுதையையும் இச்சியாதே என்று விதிக்கின்றது. முன்னவற்றுக்குச் சாட்சிகளை அழைக்கலாம், தண்டனையும் விதிக்கலாம். கடைசிக் கட்டளையை மீறியவனை எந்த நீதிமன்றம் கூண்டிலே ஏற்றும்?

இச்சை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நாபோத்தின் வரலாறு சான்று. இது பழைய ஏற்பாட்டிலே அரசர்களின் முதலாம் ஆகமத்தில் 21 ஆம் அதிகாரமாக உள்ளது. ஆகாப் அரசனுடைய அரண்மனைக்கு அருகே நாபோத்துக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. கீரைத் தோட்டம் போடுவதற்காக அரசன் அதனைக் கேட்டான். அவன் பறித்துக்கொள்ள முனையவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். அதனிலும் நல்ல தோட்டம் தருவேன், அன்றேல் விலைப்பணம் தருவேன் என்றான். எந்த நொத்தாரிசும் குறை காணமுடியாத பேரம்! முன்னோரின் முதுசத்தைக் கொடேன் என்று நாபோத் மறுத்தான். அரசன் வீடு திரும்பி, உண்ண மறுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டான். எஞ்சியதை அரசி யேசபேல் பார்த்துக்கொண்டாள். அரச முத்திரையிட்ட நிருபங்கள் போயின, சபை கூடிற்று, இருவர் சாட்சி சொன்னார்கள், நாபோத் கல்லெறியுண்டு மாண்டான். எல்லாம் நீதிவிசாரணையின் கோலத்திலேயே நடந்தேறின. எலியா தீர்க்கதரிசியோ யேசபேலை மாத்திரம் குற்றஞ்சாட்டவில்லை. படுக்கையிலே முகந்திருப்பிக் கிடந்தவனையே கொலைகாரன் என்றார்.

இனி, பங்கு கேட்டவனுக்கு இயேசுநாதர் சொன்ன கதைக்கு வருவோம். செல்வன் ஒருவனுடைய நிலம் நன்றாக விளைந்தது. பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரியவற்றைக் கட்டவும், பல்லாண்டுகளுக்கு உண்டு குடித்து இன்புற்றிருக்கவும் அவன் திட்டமிட்டான். அன்றிரவே அவன் உயிர் கேட்கப்பட்டது. இவன் எவரையும் ஏமாற்றியதாகக் கதையிலே சொல்லப்படவில்லை. கூலியைப் பிடித்துவைத்தான் என்றில்லை. எல்லைக்கல்லை நகர்த்தினான் என்றுமில்லை. என் விளைச்சல், என் களஞ்சியம், என் பொருள், என் ஆன்மா என்று பேசுகின்றானேயன்றி, அவன் பேச்சிலே வேறொரு மனிதன் தலைகாட்டவேயில்லை. அவன் குற்றம் அதுவே.

இக்கதையை எடுத்துக்கொண்டு நான்காம் நூற்றாண்டிலே பசிலியார் ஆற்றிய மறையுரை ஒன்று உண்டு. இன்று துருக்கியிலே கைசேரி என வழங்கும் செசரியா நகரம் அக்காலத்திலே கப்பதோக்கியா நாட்டைச் சேர்ந்தது. ஏறக்குறைய கி.பி. 369 இலே அங்கே மழை பொய்த்துக் கொடிய பஞ்சம் வந்தது. கடலுக்கு எட்டாத உள்நாடாகையால் தானியம் வெளியிலிருந்து எளிதில் வந்து சேரவில்லை. தானியம் வைத்திருந்தோர் விலை இன்னும் ஏறட்டும் என்று காத்திருந்தனர். அது சட்டத்துக்கு மாறான செயலன்று. தம்முடைய பொருளைத் தாம் விரும்பியபோது விற்பது அவர்கள் உரிமை. பசிலியார் அவர்கள் முன்னிலையிலே ஒரு தந்தையை நிறுத்திக் காட்டுகின்றார். வீட்டிலே உணவில்லை. பிள்ளைகளுள் ஒருவனை அடிமையாக விற்றால் மற்றவர்கள் பிழைப்பார்கள். யாரை விற்பது? மூத்தவனையா, இளையவனையா? அழுதுகொண்டு சந்தைக்கு வரும் அத்தந்தையிடம் நீ விலை பேசுகின்றாயே என்று செல்வனைக் கேட்கின்றார். பேழையிலே கிடக்கும் உடை ஆடையற்றவனுக்கு உரியது என்றும், உன் களஞ்சியம் ஏழையின் வயிறே என்றும் கூறுகின்றார். சொல்லோடு அவர் நிற்கவில்லை. செல்வரைக் களஞ்சியங்களைத் திறக்கச் செய்து, பசித்தோரைக் கூட்டித் தாமே உணவு பரிமாறினார் என்று அவருடைய நண்பர் நசியான்சு நகரக் கிரகோரியார் எழுதியிருக்கின்றார். 370 இலே ஆயரான பின்னர், நகரத்துக்கு வெளியே நோயாளருக்கும் வறியோருக்கும் அவர் ஒரு பெரிய நிலையத்தை அமைத்தார்.

செல்வம் முழுவதையும் துறக்கவேண்டுமா என்பது பழைய வினா. செல்வ வாலிபன் ஒருவனிடம் எல்லாவற்றையும் விற்றுவிடச் சொன்ன இயேசுநாதர், எரிகோவின் ஆயக்காரர் தலைவனாகிய சகேயுவிடம் அவ்வாறு கேட்கவில்லை. சகேயு தானாகவே எழுந்து நின்று, பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், எவரிடமேனும் அநியாயமாக வாங்கியிருந்தால் நான்மடங்காகத் திருப்புவதாகவும் சொன்னான். தன் தவற்றைத் தானே ஒப்புக்கொள்பவன் முதலோடு ஐந்திலொரு பங்கு சேர்த்துக் கொடுத்தாற் போதும் என்பது எண்ணாகமத்தின் விதி. வரிக்கணக்கிலே ஊறிய சகேயு அக்கணக்கிலே நிற்கவில்லை. பரிசேயரின் நீதியிலும் மேலான நீதி வேண்டும் என்று மலைப்பொழிவிலே கூறப்பட்டது இத்தகைய நீதியே என்று நான் கருதுகின்றேன்.

இவை யாவும் எனக்கு எப்பொழுது விளங்கின என்பதையும் சொல்லிவிடுகின்றேன். எங்கள் தந்தையார் காலமானபின் தமையனாருக்கும் எனக்கும் வளவு பாகமாயிற்று. ஓராண்டு வேலியடைப்பின்போது எல்லைக் கதியால்கள் என் பக்கமாக இரண்டு முழம் தள்ளி நின்றன. உறுதி என் கையில் இருந்தது. அளந்து பார்த்தவரும் நியாயம் என் பக்கமே என்றார். வழக்காடினேன், நான்கு ஆண்டுகளின் பின் வென்றேன். அதன்பின் தமையனார் வீட்டு நன்மை தீமைகளுக்கு எனக்கு அழைப்பு வரவில்லை; நானும் போகவில்லை. அவர் இறந்த செய்தியை அயலவர் சொல்லியே அறிந்தேன். அந்த நான்கு ஆண்டுகளிலும் நான் பேசிய பேச்சிலே என் உறுதி, என் எல்லை, என் நிலம் என்பவற்றைத் தவிர வேறு என்ன இருந்தது என்று இப்பொழுது எண்ணிப் பார்க்கின்றேன்.

அவ்விரண்டு முழத்திலே இன்று ஒரு முருங்கை நிற்கின்றது. அதனைத் தமையனாருடைய பிள்ளைகளின் பேரில் எழுதிவிட நொத்தாரிசிடம் போகவேண்டுமென்று மூன்று ஆண்டுகளாக எண்ணிக்கொண்டிருக்கின்றேன். இன்னும் போகவில்லை.