படத்தில் பெயர் உள்ளவர்



ரவிவர்மா என்றதும் லட்சுமியும் சரஸ்வதியும் உங்கள் கண்முன் வருவார்கள். இந்தக் கெர்லிங் வட்டாரத் தோட்டங்களில் நம் லயத்து வீடுகளில் மாட்டியிருந்த சாமி படங்கள் பலவற்றுக்கு மூலம் அவர் கைதான். ஆனால் நான் பேச வந்தது அதிகம் பேர் பார்த்திராத வேறொரு படம். 1880-இல் சென்னை மாகாண ஆளுநர், மூன்றாம் பக்கிங்காம் கோமகன், திருவனந்தபுரம் போகிறார். திருவிதாங்கூர் மகாராஜா ஆயில்யம் திருநாளும் தம்பி விசாகம் திருநாளும் அவரை வரவேற்கிறார்கள். அந்தக் காட்சியை ரவிவர்மா எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அதே ஆண்டு மே மாதம் மகாராஜா காலமானார். ஆண்டுக் கடைசியில் கோமகனும் பதவி விட்டுப் போனார். 2007-இல் நியூயார்க்கில் அந்தப் படம் 12 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

யார் இந்தக் கோமகன்? சென்னைக்காரர்கள் அவர் பெயரை இன்றும் சொல்கிறார்கள், பக்கிங்காம் கால்வாய் என்று. அந்தக் கால்வாயில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டை வெட்டியது 1877, 78-இல். வெட்டியவர்கள் தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியில்லாமல் வந்தவர்கள். பஞ்ச வேலைக்குக் கூலி எவ்வளவு தெரியுமா? செலவைக் குறைக்க வைஸ்ராய் அனுப்பிவைத்த சர் ரிச்சர்ட் டெம்பிள், ஆண் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்றார். நாளெல்லாம் மண் சுமக்கிறவனுக்கு ஒரு ராத்தல்! சென்னை மாகாணத்துச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் இது போதாது என்று எதிர்த்து எழுதினார். கோமகனைக் கொடியவர் என்று சொல்ல நான் வரவில்லை. லண்டன் மக்களிடம் உதவி கேட்டுத் தந்தி அடித்தவர் அவர். ஆனாலும் அந்தப் பஞ்சத்தில் 50 லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். கால்வாய்க்கு வைத்த பெயர் அவருடையது.

அதே பஞ்சத்தில் இன்னொரு வகைக் குழுப் படமும் எடுத்தார்கள். ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி, எலும்பும் தோலுமாக இருந்தவர்களை வரிசையாக உட்கார வைத்துக் கேமராவில் பிடித்தார். அவர்களில் ஒருவருக்கும் பெயரில்லை. ஒரு மாகாணம், சில வருஷ இடைவெளி, இரண்டு படங்கள். என் நெஞ்சை அறுப்பது இதுதான்.

அந்தப் பஞ்சத்துக்குத் தப்பியவர்கள் இலங்கைக்கும் பர்மாவுக்கும் பினாங்குக்கும் கப்பல் ஏறினார்கள். பிறகு ரப்பர் வந்தபோது கங்காணி பின்னால் சிலாங்கூருக்கு வந்தவர்களும் அதே வறண்ட மாவட்டங்களின் பிள்ளைகள்தான்.

என் வீட்டில் ஒரு படம் இருக்கிறது. தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் எடுத்தது. நடுவில் நாற்காலியில் துரை, மடியில் தொப்பி. பக்கத்தில் கிராணி, கைகட்டி நிற்கும் கங்காணி. முன்னால் தரையில் பால்வாளியோடு பத்துப் பதினைந்து பெண்கள். இடப்பக்கம் இரண்டாவதாக, முந்தானையைத் தலையில் சுற்றியிருப்பவர் என் பாட்டி. படத்தின் பின்பக்கம் துரையின் பெயர் மட்டும் அழகான கையெழுத்தில் இருக்கிறது. பாட்டிக்கு அருகில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று கேட்க இன்று வீட்டில் ஆளில்லை. பாட்டி இருந்தபோது நான் கேட்கவில்லை.

உங்கள் பெட்டிகளிலும் இப்படிப் படம் கிடக்கும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கொண்டு வாருங்கள். எண்பது வயது தாண்டியவர்களைக் கையோடு அழைத்து வாருங்கள். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறோம். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும். பென்சிலால், தரையில் உட்கார்ந்திருப்பவர்களிலிருந்து தொடங்கி, பெயர் எழுதுவோம்.