காவலூர்க் கண்ணாடியும் கம்பில் கட்டிய தொட்டிலும்

(ஜவ்வாது மலையில் ஆற்றிய உரை)



ஜவ்வாது என்று பெயரிட்டார்கள் இந்த மலைக்கு. பெயரிலே மணம் இருக்கிறது. சாமை விளையும் மலை, தேன் சொரியும் மலை, சந்தனம் வளர்ந்த மலை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்கள் பங்கு போட்டுக்கொண்ட மலை. ஆட்சியர்கள் மூவர் உண்டு. ஆயினும், சாலை எட்டாத கொல்லையிலே ஒருத்திக்கு நள்ளிரவில் நோவு கண்டால், கம்பில் தொட்டில் கட்டித் தோளில் சுமந்துதான் இறக்க வேண்டும்.

இதே மலையில்தான் காவலூர் இருக்கிறது. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டென்று 1977இல் கண்டறிந்த இடங்களுள் அதுவும் ஒன்று. 1986இல் அங்கே 2.3 மீட்டர் அகலக் கண்ணாடியோடு தொலைநோக்கி நிறுவினார்கள். பெருமைதான், மறுக்கவில்லை! கோடானுகோடி மைல்களுக்கு அப்பாலுள்ள ஒளிப்புள்ளி இங்கிருந்து தெரிகிறது. மூன்று கல் தொலைவிலே முனகும் தாய் மட்டும் தெரியாமற்போவானேன்?

2023 மே மாதம் இதே மலைத்தொடரின் வேலூர்ப் பக்கத்தில், அணைக்கட்டை அடுத்த அல்லேரி மலையிலே, ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு தீண்டிற்று. மருத்துவமனை சேருமுன் உயிர் போயிற்று. உடலைக் கொண்டுவந்த ஊர்தி பாதை இல்லையென்று பாதி வழியில் நின்றது. பெற்றவள் பிள்ளையைக் கையில் ஏந்தி நடந்தாள். நான் நாடகம் எழுதுகிறவன். இக்காட்சியை மேடையில் வைத்திருந்தால், "மிகையப்பா, குறைத்து எழுது" என்று என் நண்பர்களே கூறியிருப்பார்கள்.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்வது எளிது, கைத்தட்டலும் கிடைக்கும், உண்மை ஆகாது. ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது; செவிலியர் மலையேறுகிறார்கள். 2008இல் தொடங்கிய 108 ஊர்தி இருக்கிறது. அதை ஓட்டுவது யார்? இலாப நோக்கற்ற ஒரு நிறுவனம். அரசோடு செய்துகொண்ட புரிந்துணர்வு ஒப்பந்தத்தின்படி ஓட்டுகிறது. 2005இல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின்கீழ்ப் பழங்குடி ஊர்களுக்கு நடமாடும் மருத்துவ வண்டிகள் போயின. அவற்றையும் தொண்டு நிறுவனங்களே நடத்தின. கூடலூரில் 1990இல் எழுந்த ஆதிவாசி மருத்துவமனையும், சித்தேரி மலையடிவாரத்துச் சிட்டிலிங்கியில் மருத்துவத் தம்பதியர் 1993இல் தொடங்கிய மருத்துவமனையும் இலாபம் தேடாமல் எழுந்தவையே. வேலூரிலே ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய பணி, இன்று பெரிய மருத்துவக் கல்லூரியாய் நிற்கிறது.

ஆக, கை கொடுக்க ஆள் உண்டு. கை கோக்கத்தான் சட்டம் இல்லை!

ஒப்பந்தம் இருக்கிறதே என்பீர்கள். ஒப்பந்தம் என்பது தேதியிட்ட காகிதம், தோழர்களே! தேதி முடிந்தால் வண்டி நிற்கும். கோப்பு ஒரு மேசையில் உறங்கினால் செவிலிக்குச் சம்பளம் நிற்கும். பாம்புக்கு அந்தத் தேதி தெரியுமா?

பொருள் வாங்கச் சட்டம் வைத்திருக்கிறோம்: 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம். நல்ல சட்டம். தகுதியுடையோரில் குறைந்த விலை கேட்டவரைத் தேடச் சொல்லும் சட்டம். சிமென்டுக்கும் நாற்காலிக்கும் அது பொருந்தும். மலையூர்களில் பத்தாண்டு நடந்து, ஒவ்வொரு வீட்டுக் கர்ப்பிணியையும் பேர் சொல்லி அழைக்கும் செவிலியை எந்த விலைப்பட்டியலில் சேர்ப்பீர்கள்? கட்டடம் எழுப்பவும் சட்டம் உண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், ஒரு எக்டேருக்கு உட்பட்ட காட்டு நிலத்தை மருத்துவமனைக்கும் சாலைக்கும் கிராம சபையின் பரிந்துரையின்பேரில் ஒதுக்க வழி செய்கிறது. கட்டலாம்! உள்ளே அமர்ந்து நாடி பார்ப்பவரை நிலைநிறுத்தும் வழி?

பிரேசில் நாட்டைப் பாருங்கள். 1988இல் எழுதிய அரசியலமைப்பிலேயே, பொது மருத்துவத்துக்குத் துணையாக வெளியாரைச் சேர்ப்பதானால், அற நிறுவனங்களுக்கும் இலாபமற்ற அமைப்புகளுக்கும் முன்னுரிமை என்று பொறித்தார்கள். அருகிலுள்ள கர்நாடகத்தில் 1996இல் கும்பள்ளி ஆரம்ப சுகாதார நிலையத்தை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். அரசு நிலையம் அரசு நிலையமாகவே இருந்தது, நடத்தியவர் மாறினார். முதல் பொதுச் சுகாதாரச் சட்டத்தை 1939லேயே கண்ட மாநிலம் நம்முடையது. நமக்கு இது எட்டாக் கனியா?

"அரசு கைகழுவ நீரே தண்ணீர் வார்க்கிறீரே!" என்று ஒரு தோழர் வழியிலே கேட்டார். நியாயமான அச்சம். தொண்டு என்று பலகை மாட்டித் துட்டுப் பறிப்போர் நாட்டில் இல்லையா? ஆகவேதான் சட்டம் கேட்கிறேன், சலுகை கேட்கவில்லை. பணியிடங்களையும் பணத்தையும் அரசு குறைக்கலாகாது. நோயாளியிடம் காசு வாங்கலாகாது. கணக்கு ஆண்டுதோறும் கிராம சபையில் படிக்கப்பட வேண்டும். ஒப்பந்தம் முடிந்தாலும் மாற்று ஏற்பாடு வரும்வரை வண்டி நிற்கலாகாது. அரசு தரவேண்டிய தொகை தாமதித்தால் வட்டியோடு தரவேண்டும். இவை ஒவ்வொன்றும் சட்டத்தின் பிரிவாக ஏறினால், ஏமாற்றுவோனும் அஞ்சுவான், கோப்பை உறங்க வைப்போனும் அஞ்சுவான்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. ஆகையால் பழங்குடிக் கிராம சபைகளுக்குத் தனி வலுத்தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் இந்த மலைக்கு வந்து சேரவில்லை. நம் சபைக்கு உள்ள வலு, நாம் அங்கே போய் உட்காரும் வலுதான்.

அடுத்த கிராம சபைக்குத் தோழர்கள் எழுதி எடுத்துச் செல்லுங்கள்: எந்தக் கொல்லைக்கு எந்த நாளில் மருத்துவ வண்டி வருகிறது, கடைசியாக வந்தது என்றைக்கு, அதன் ஒப்பந்தம் முடிவது எப்போது? பதில் சொல்பவரின் பெயரையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். நகல் ஒன்று எனக்கு வரட்டும். நம் சட்டமன்ற உறுப்பினரிடம் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.